விலாசமும் பதிவுச் சான்றிதழும்

ஈப்போ மாநகருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சிறுநகரம் சிம்பாங் பூலாய். சிம்பாங் என்னும் மலாய்ச் சொல் சாலைச் சந்திப்பைக் குறிக்கும். பூலாய் என்பது தமிழில் ஏழிலைப்பாலை எனப்படும் மரம். பூலாய், பாலை என்னும் ஒலியொப்புமையைக் கண்டு மகிழலாம். அதை மட்டுமே சான்றாகக் கொண்டு வேர்ச்சொல் ஆய்வில் இறங்குவது மாணவர்க்கு ஆகாது. சுண்ணாம்புக் குன்றுகளும் கற்குவாரிகளும் பழைய ரப்பர்த் தோட்டங்களின் எச்சங்களும் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. இங்கிருந்து ஒரு சாலை கோப்பேங் நோக்கியும் மற்றொன்று கேமரன் மலை நோக்கியும் செல்கின்றன.

இத்தகைய ஊர்களின் கடைகளில், பணப்பெட்டிக்குப் பின்புறச் சுவரில், சாமி படத்துக்கு அருகே கண்ணாடிச் சட்டமிட்ட தாளொன்று தொங்குவதைக் காணலாம். அது வணிகப் பதிவுச் சான்றிதழ். அதைக் கண்ணிற்படும் இடத்தில் வைத்தாக வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் விதி. சில கடைகளின் பெயர்ப்பலகையில் மட்டும் பெயருக்குப் பின் 'செண்டிரியான் பெர்ஹாட்' என்னும் சொற்கள் காணப்படும். கடை நொடித்துப்போனால் அதன் கடனுக்கு உரிமையாளரின் வீடும் நிலமும் பொறுப்பாகுமா, ஆகாதா என்பது பெரும்பாலும் அவ்விரு சொற்களைப் பொறுத்தது. அயல்நாட்டில் கடை திறக்கும் ஒருவன் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவும் இதுவே. மலாயாவில் தொழில் நடத்திய தமிழர்கள் இவ்வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டுள்ளனர்.

கடல் கடந்த தமிழ் வணிகர் தனித்து நின்றவர் அல்லர். இன்றைய தென்தாய்லாந்தில் தகுவாப்பா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைக் குறிப்பிட்டு, அதன் காவலில் மணிக்கிராமத்தாரையும் சேர்க்கிறது. சுமத்திராவில் பரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு திசை ஆயிரத்து ஐந்நூற்றுவரைப் பற்றியது. மரக்கலத் தலைவர் முதலானோர் குழுவுக்குப் பொன்னாகச் செலுத்த வேண்டியதை அது விதிக்கிறது. ஆயினும் ஒரு வணிகனின் கடனுக்கு மற்றவர் பொறுப்பா என்பதை அக்கல்வெட்டுகள் பேசவில்லை. அவ்வினாவுக்கு விடை தேட நாட்டுக்கோட்டை நகரத்தாரிடமே வர வேண்டும்.

நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொழில் தொடங்கினர். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் செல்வாக்கு வேரூன்றியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் உலகச் சந்தையை எட்டியது. தைப்பிங், ஈப்போ, அன்று தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தான் ஆகிய ஊர்களுக்கு வட்டிக்கடைகள் பரவின. ஆங்கிலேய வங்கிகளின் வாயில் துரைமார் தோட்டங்களுக்குத் திறந்திருந்தது. சிறு நிலம் வைத்திருந்த மலாய்க்காரர், சிறு சுரங்கம் நடத்திய சீனர், மளிகைக்கடை வைத்த தமிழர் ஆகியோர் கிட்டங்கியின் படியேறினர்.

கிட்டங்கி என்பது ஒரே நீண்ட கூடம். அதில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பெட்டியும் சாய்வு மேசையும் பேரேடுகளுமே உடைமை, சுவர்கூடத் தடுப்பதில்லை. அப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கு இருப்பவர் ஏஜெண்டு. அவருக்குத் துணையாக அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையற்காரர். தொழிலுக்காகக் கடல் கடப்பதை அவர்கள் 'கொண்டுவிற்கப் போதல்' என்றனர். புறப்படுமுன் ஊரிலேயே சம்பளச்சீட்டு எழுதப்படும். மூன்றாண்டுத் தவணை, ஊதியத்தின் ஒரு பகுதி முன்பணம், தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்தபின் ஆதாயத்தில் ஒரு பங்கு. சீட்டோடு அதிகாரப் பத்திரமும் கைக்கு வரும். அப்பத்திரத்தின் வலிமையில்தான் ஏஜெண்டு கடன் கொடுக்கவும் வழக்காடவும் நிலத்தை ஈடாகப் பெறவும் இயன்றது.

கடைக்குப் பெயர் கிடையாது, விலாசம் உண்டு. தந்தை, பாட்டன் முதலியோர் பெயர்களின் முதலெழுத்துகளைத் தொடுத்து அமைவது விலாசம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏஜெண்டு மாறினாலும் விலாசம் மாறாது. கடன் பெற்றவருக்குத் தெரிந்தது அதுவே. முதலாளியின் முகத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் விலாசம் ஓர் ஆளன்று. அதற்கெனத் தனி உயிரில்லை. விலாசத்துக்குப் பின்னால் இருந்த முதலாளியும் அவருடைய பங்காளிகளும் தம் முழுச் சொத்தோடு கடனுக்குப் பொறுப்பாயினர்.

வேறு வழி இல்லாமல் இம்முறையை அவர்கள் கைக்கொண்டனர் என்று எண்ணுவது பிழை. வரையறுத்த பொறுப்புடைய கம்பெனி அக்காலத்திலேயே பேராக்கில் அறியப்பட்டிருந்தது. கார்ன்வாலிலிருந்து வந்த முதலீடு கிந்தாவின் ஈயச் சுரங்கங்களைக் கம்பெனி உருவிலேயே நடத்தியது. ரப்பர்த் தோட்டங்கள் இலண்டனில் பதிவான கம்பெனிகளுக்கு உரியவையாயிருந்தன. சுரங்கம் மூழ்கினால் பங்குதாரருக்குப் பங்குப்பணம் மட்டுமே போயிற்று. நகரத்தார் தொழில் அத்தகையதன்று. தம் முதலோடு உறவினரும் ஊராரும் வைத்த வைப்புப்பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்தே அவர்கள் வட்டிக்கு விட்டனர். பணம் கொடுத்தவர் நம்பியது விலாசத்துக்குப் பின்னிருந்த குடும்பத்தின் மொத்தச் சொத்தை. பங்குத்தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதி ஒட்டியிருந்தால் அந்நம்பிக்கையே குன்றியிருக்கும். வரையறையற்ற பொறுப்பு அவர்களுக்கு மூலதனமாகவே பயன்பட்டது எனலாம். முருகன் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததும் மகமை செலுத்தியதும் வெறும் சமயச் சடங்குகள் அல்ல. நாணயம் தவறியவனுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை என்பது எந்த நீதிமன்றத் தீர்ப்பையும் விட விரைந்து வேலை செய்தது.

ஒரு வாய்ப்பும் அவர்களுக்கு அமைந்தது. பினாங்கும் சிங்கப்பூரும் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைப் பின்பற்ற, பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1899ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது. முகவர் என்பவர் யார், அவர் செயலுக்கு முதலாளி எவ்வளவு கட்டுப்பட்டவர் என்பன போன்ற விதிகள் மதுரையிலும் ஈப்போவிலும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தன.

அச்சட்டத்திலேயே இம்முறையின் பலவீனமும் இருந்தது. முதலாளி இறந்தால் முகவரின் அதிகாரம் முடிகிறது. காரைக்குடியில் முதலாளி கண்மூடிய செய்தி ஈப்போவை எட்டியதும், நேற்றுவரை ஆயிரக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்த ஏஜெண்டு புதுக்கடன் கொடுக்க உரிமையற்றவர் ஆவார். வாரிசுகளுக்காக இருப்பதைக் காப்பது மட்டுமே அவர் கடமை. சொந்த ஊரில் மிதாட்சர முறைப்படி மகன்களுக்குப் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் உரிமை. பேராக்கில் உள்ள நிலத்துக்கோ அந்நிலம் இருக்கும் நாட்டின் சட்டமே பேசும். இங்குள்ள நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்று, வாரிசுகள் கையொப்பமிட்ட புதிய அதிகாரப் பத்திரம் கப்பலில் வந்து சேர வேண்டும். அதுவரை கடன்காரர் காத்திருப்பரா?

அடுத்து வந்த அடிகள் கடுமையானவை. 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலையும் ஈய விலையும் சரிந்தன. கடனைத் திருப்ப இயலாதவர்களின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. சிறு நிலவுடைமையாளரின் நிலம் கடனுக்காக ஏலம் போவதைக் கட்டுப்படுத்த 1931இல் அரசு சட்டம் இயற்றியது. பணம் கேட்டுப் போனவர்கள் பராமரிக்கத் தெரியாத தோட்டங்களோடு திரும்பினர். 1942இல் ஜப்பானியர் வந்தபின் முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் இடையே கடிதப் போக்குவரத்தே அற்றது. பழைய கடனை வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டில் கொண்டுவந்து நீட்டியவர்களிடம், கேட்டு முடிவு செய்ய ஆளில்லாத ஏஜெண்டு என்ன சொல்லியிருக்க முடியும்? 1945இல் அந்நோட்டுகள் வெறுந்தாளாயின. போர்க்காலக் கடன்களைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

1951இல் வட்டித்தொழிலுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. ஐம்பதுகளில் இறுகிய குடிநுழைவுச் சட்டம்தான் இம்முறையின் ஆணிவேரை வெட்டியது. மூன்றாண்டுக்கு ஒருவர் வருவதும் போவதுமே அதன் உயிர். புதிய ஏஜெண்டுக்கு நாட்டில் நுழைய அனுமதி கிட்டாதபோது எத்தனை தலைமுறைப் புகழ் இருந்தென்ன? சிலர் இந்நாட்டுக் குடிமக்களாகித் தொழிலை இங்கேயே பதிந்தனர். பலர் விற்றுவிட்டுச் சென்றனர்.

அதே காலத்தில் ஐரோப்பியரும் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்க, தலைமுறையாக அங்கே பால்வெட்டிய தமிழர் வேலையும் வீடும் இழந்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். தொழிலாளிக்கு விலாசம் கிடையாது. வங்கி அவரை அறியாது. கையில் இருந்தது மாதக் கூலி மட்டுமே. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கைப் பெறலாம் என வகுத்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

கம்பெனி தொடங்காமல் கூட்டுறவை நாடியது கூர்த்த மதியின் விளைவு. கம்பெனியில் பங்கின் அளவே வாக்கின் அளவு. வறுமையில் தொழிலாளி தன் பங்கை விற்றால் வாங்கிச் சேர்ப்பவன் ஆள்வான். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளர் தொடங்கிய கடையின் வழிவந்த கூட்டுறவிலோ ஆளுக்கு ஒரே வாக்கு. ஜெர்மானியக் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்கு நிக்கல்சன் 1890களில் அறிக்கை அளித்தார். 1904இல் இந்தியாவில் சட்டம் வந்தது. 1922இல் கூட்டு மலாய் மாநிலங்களிலும் வந்தது. சேமிப்புக்கும் கடனுக்கும் என்று வந்த அவ்வடிவத்தைத் தோட்டம் வாங்குவதற்கு வளைத்ததே சம்பந்தனின் துணிவு.

தோட்டத்தை விட்டு வெளியேறிச் சாலைச் சந்திப்பில் உணவுக்கடையோ மோட்டார்ப் பட்டறையோ வைத்தவர்களுக்கு வழி எளிதாயிருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் தனியாகவோ, இருபது பேருக்கு மேற்படாமல் கூட்டாகவோ பதிந்துகொள்ளலாம். செலவு குறைவு. ஆனால் கூட்டாளி ஒருவர் கடைப்பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. அண்ணன் தம்பிகளாய்த் தொடங்கிய கடைகள் இதனாலேயே நீதிமன்றம் ஏறின. இப்பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. தமிழ்நாட்டிலிருந்து இன்று வரும் வணிகர், அவ்வுரிமை பெறாதவரை, தனியுடைமைக் கடை பதிய இயலாது. கம்பெனி அமைப்பதே பொதுவான வழி. 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது இருவர் தேவை. பெயருக்கு மனைவியை ஒரு பங்குக்காரராக்கிய கம்பெனிகள் அதன் விளைவு. 2012இல் வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மைக்குச் சட்டம் வந்தது. 2016இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய கம்பெனிச் சட்டம், ஒரே ஆள் ஒரு கம்பெனியாக அமையவும் இடமளித்தது.

ஆயினும் அந்த ஒற்றையாள் கம்பெனி கடன் கேட்டு வங்கிக்குச் சென்றால், மேலாளர் மேசையின் மீது வழக்கமாக இன்னொரு தாளையும் வைப்பார். அது இயக்குநரின் தனிப்பட்ட பிணைக் கையொப்பத்துக்கான தாள். அதில் கையெழுத்திட்டபின் அந்தக் கடனுக்கு அவருடைய வீடும் பொறுப்பு. பெயர்ப்பலகையில் உள்ள இரு சொற்கள் அங்கே அவரைக் காப்பதில்லை.