கரையோரத்துக்கு வந்த ஜேர்மன் லொறி

கிழக்கிலங்கைக் கரையோரத்தின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் நெல்லைப் பற்றி எழுதுவர். மீனைப் பற்றி எழுதுவர். மருதமுனைக் கைத்தறியைப் பற்றியும் எழுதுவர். இவற்றையெல்லாம் சுமந்து சென்ற லொறியைப் பற்றி எழுதுவோர் அரிது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

இந்தியாவில் 1945இல் தொடங்கப்பட்ட டாட்டாவின் டெல்கோ நிறுவனம், ஜம்ஷெட்பூரில் முதலில் நீராவிப் புகையிரத இயந்திரங்களையே செய்துவந்தது. 1954இல் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு நடுத்தர ரக லொறிகளைத் தயாரிக்கலாயிற்று. உருண்ட மூக்கும் ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரமும் கொண்ட எல் 312 என்ற மேர்சிடிஸ் லொறியே அதன் மூலவடிவம். 1961இல் டாட்டா லொறிகள் முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயின. அவை வந்திறங்கிய நாடு இலங்கை. அதே ஆண்டில்தான் அம்பாறை, மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

ஆண்டுகளின் பொருத்தம் தற்செயலானது, தேவை அப்படியானதன்று. 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டம் வயற்பரப்பைப் பெருக்கியது. புகையிரதப் பாதையோ மட்டக்களப்புடன் நின்றுவிட்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதல் பொத்துவில் வரை, விளைந்த நெல்லும் பிடித்த மீனும் தூரத்துச் சந்தைகளை அடைய வீதியை விட்டால் வேறு வழியில்லை.

1969இல் ஜேர்மன் ஒப்பந்தம் முடிந்தது. முகப்பிலிருந்த முக்கோண நட்சத்திரம் போய் டாட்டாவின் ‘ரி’ எழுத்து வந்தது. பின்னர் இலங்கை வீதிகளில் பரவலாக ஓடிய 1210, பெயரிலும் பென்ஸ் மரபையே தொடர்ந்தது: முதல் இரு இலக்கங்கள் சுமையுடன் கூடிய மொத்த எடையைத் தொன்னில் குறிப்பன, அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ அதன் குதிரைவலு. ஐரோப்பாவில் புதிய வடிவங்கள் வந்துகொண்டிருக்க, இங்கு பழைய வடிவம் நிலைத்ததற்குக் காரணம் அதன் எளிமை. மின்னணுச் சாதனங்கள் இல்லாத அந்த இயந்திரத்தை வீதியோரக் கராஜிலேயே கழற்றிப் பூட்டிவிடலாம்.

1990 ஜூனில் கிழக்கில் மீண்டும் போர் மூண்டபோது அந்த ஒற்றை வீதியே உயிராபத்தானதாயிற்று. லொறி நின்றால் நெல் களஞ்சியத்தில் தேங்கும். மீன் கரையிலேயே கெடும். ஒரு பிரதேசம் முழுவதும் சக்கரத்தை நம்பியிருந்ததன் விலை அது.

ஸ்டுட்கார்ட்டின் கதையும் ஜம்ஷெட்பூரின் கதையும் நிறுவன ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. கல்முனைக் கரையின் கதை பழைய சாரதிகளினதும் மெக்கானிக்குகளினதும் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதிவைப்பது நம் கடமையல்லவா?