மலை அங்கேதான், விலாசம்தான் மாறியது

நார்த்தாமலையில் 1940-களின் தொடக்கத்தில் பிறந்த ஒருவர், பிறந்த வீட்டிலேயே இருந்துகொண்டு மூன்று விலாசங்களைப் பார்த்திருப்பார். பிறந்தபோது அது புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல் மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். ஊர் திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அவர் திண்ணையை விட்டு நகரவில்லை. ஊர்தான் கைமாறிக்கொண்டே இருந்தது.

காசும் அப்படித்தான். சின்ன வயதில் அவர் கையில் புழங்கியது அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் சமஸ்தானம் தானமாகக் கொடுத்துவந்தது. இணைப்போடு அதன் கதை முடிந்தது. அப்புறம் அணாவும் தம்பிடியும். 1957-ல் நயா பைசா. மூன்று கணக்குகளையும் மனதிலேயே போட்டுப் பழகியவர் இன்று பேரனின் கைப்பேசியில் பணம் போய்ச் சேர்வதைப் பார்த்து, “காலம் மாறிப்போச்சு” என்றால், அது வெறும் பேச்சில்லை.

ஓய்வு என்பதன் வரையறையும் மாறியிருக்கிறது. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962-ல் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023-ல் அது 1,200 ஆனது. அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59, அடுத்த ஆண்டே 60. தாத்தா வேலையை விட்ட வயதில் மகன் இன்னும் கையெழுத்துப் பதிவேட்டில் இருக்கிறார்.

இந்த ஊரில் “அந்தக் காலத்துல” என்று ஆரம்பித்தால், அது எந்தக் காலம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் இதன் பெயர் தெலுங்குகுலகாலபுரம். வணிகர் சபை நடத்திய ஒரு ‘நகரம்’ இது. கடல் கடந்து வாணிபம் செய்த திசையாயிரத்து ஐந்நூற்றுவர் குழுவுக்கு இங்கே செல்வாக்கு இருந்தது. அதே குழு சுமத்ரா தீவின் பாருஸ் பக்கத்தில் 1088-ல் ஒரு தமிழ்க் கல்வெட்டை விட்டுவந்திருக்கிறது. கப்பல் சரக்கின் விலை பேசப்பட்ட ஊரில் இன்று பேருந்து நேரம் பேசப்படுகிறது.

ஊரின் குன்றுகளில் ஒன்றான மேலமலையின் பாறைச் சரிவில் ஏறினால், ஊர் எப்படி வயதாகியிருக்கிறது என்பதைக் கல்லிலேயே பார்க்கலாம். முதலில் பழியிலீச்சரம். பல்லவன் நிருபதுங்கனின் ஏழாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 862-ல், முத்தரையர் மரபில் வந்த சாத்தன் பழியிலி குடைவித்த சிறு குகைக்கோயில். அப்பா குடைவித்ததோடு வேலை நிற்கவில்லை. மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபமும் நந்தியும் பலிபீடமும் சேர்த்தாள். அப்பா கட்டிய வீட்டுக்கு முன்னால் மகள் ஒரு தாழ்வாரம் இறக்கியது போல.

அதற்குப் பக்கத்தில் சமணர் குடகு. சமணர்கள் இருந்த குகை, 13-ஆம் நூற்றாண்டுக்குள் பெருமாள் கோயிலாகிவிட்டது. உள்ளே ஆளுயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள், ஒன்றுபோல் வரிசையாக நிற்கின்றன. கல்வெட்டு இதைப் பதினெண்பூமி விண்ணகரம் என்கிறது. ஊர்க்காரர்கள் மட்டும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் சமணர் குடகு என்றே சொல்லிவருகிறார்கள்.

இரண்டு குகைகளுக்கும் எதிரே, மேற்குப் பார்த்து நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை. சுற்றிலும் சிறு சன்னதிகள். பெயரில் சோழன் இருந்தாலும் முதலில் கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர். அந்தக் கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இடிந்ததை மறைக்கவில்லை, திருத்திக் கட்டியவர் முதல் ஆளின் பெயரையும் அழிக்கவில்லை. பழையவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுப் புதியவர் தன் வேலையைப் பார்த்திருக்கிறார்.

பெரியவர்களிடம் இந்தச் சரிவைப் பற்றிக் கேட்டால், மாடு மேய்த்தபடி ஓடி ஏறிய நாட்களையும் இப்போது கீழேயே உட்கார்ந்துவிடும் முழங்காலையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, உவச்சன்மலை என்று ஒவ்வொரு குன்றையும் கைநீட்டிப் பெயர் சொல்லும்போது விரல் தடுமாறாது. சஞ்சீவி மலையின் துண்டுகள் விழுந்து உண்டானவை இவை என்ற கதையும் கூடவே வரும். எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி.

பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் தேர் ஓடும்போது மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்கும் நாட்கள் அவை. காவடியும் கூட்டமும் முடிந்த மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். தாத்தாவைக் குன்றின் அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார வைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, மலைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லலாம். கோயில்களைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. சுனைகளின் பெயரையும் மேய்ச்சல் தடங்களையும் அதைப் போல் காக்க, இப்போதைக்கு அந்தப் பெரியவர்களின் நினைவு ஒன்றுதான் இருக்கிறது.