பெருந்தமனிப் பிளவும் யானைத் துதிக்கையும்

நாம் குடியேறி வாழும் இக்கல்கத்தா மாநகருக்கு வைத்திய சரித்திரத்தில் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. 1836-ஆம் ஆண்டில் இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பண்டித மதுசூதன் குப்தா, சாதிக் கட்டுப்பாட்டைப் பொருட்படுத்தாது, மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். அதற்காக வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கிற்று என்பர். உடலைத் திறந்து பார்த்தாலன்றி நோயின் மூலம் விளங்காது என்னும் உண்மைக்குக் கிடைத்த மரியாதை அது.

அவ்வாறு திறந்து பார்த்தே அறியப்பட்ட கொடிய நோய்களுள் ஒன்று பெருந்தமனிப் பிளவு. இருதயத்தினின்று புறப்படும் பெருங்குழாயின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு கிழியுமாயின், குருதி அடுக்குகளுக்கிடையே புகுந்து பொய்வழி ஒன்றை உண்டாக்கும். 1760-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் திடீரென மாண்டபோது, அவருடலைப் பரிசோதித்த டாக்டர் நிக்கல்ஸ் இக்கிழிசலைக் கண்டு எழுதி வைத்தார். கண்டும், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பரிகாரம் இல்லை.

1954-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் டிபேக்கி இதனை ரண சிகிச்சையால் வெற்றியுடன் சீர்செய்தார். 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் டாக்டர் போர்ஸ்ட், பெருந்தமனியின் வளைவை நீக்கித் துணிக்குழாய் தைத்து, அதன் நுனியைக் கீழ்க்குழாயினுள் தொங்கவிட்டார். ‘யானைத் துதிக்கை’ என்பது அம்முறையின் பெயர். எனினும் கீழ்ப்பகுதியைச் சீர்செய்யப் பின்னொரு நாள் மீண்டும் சிகிச்சை வேண்டியிருந்தது.

இதனிடையே, 1990-இல் அர்ஜென்டினாவின் டாக்டர் பரோடி, உலோக வலை பொருத்திய துணிக்குழாயைத் தொடைக் குழாய் வழியே செலுத்தி, வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்துக்குச் சிகிச்சை செய்தார். கத்தியும் வலைக்குழாயும் பகையல்ல, துணை என்று கண்டவர்கள் 1990-களில் ஜப்பானியரும் பின்னர் ஜெர்மானியரும் ஆவர். மார்பைத் திறந்து, உடலைக் குளிர்வித்து, மூளைக்குத் தனியே குருதி செலுத்தியவாறு வளைவை மாற்றுவர். அப்பொழுதே துதிக்கையின் நுனியிலுள்ள வலையை விரிப்பர். விரிந்த வலை கிழிந்த சுவரை அழுத்திப் பொய்வழியை அடைக்கிறது. பலருக்கு இரண்டாம் சிகிச்சையே வேண்டாதாகிறது.

டிபேக்கிக்கே 97-ஆம் வயதில் இந்நோய் கண்டது. 2006-இல் அவர் வகுத்த வழியிலேயே அவருக்கு ரண சிகிச்சை நடந்தது. 99 வயதுவரை வாழ்ந்தார்.

இருதயத்தை ஒட்டிய பிளவுக்குச் சிகிச்சையில்லையேல், முதல் இரு தினங்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர் வீதம் மாள்வர். ஆதலின் மார்பிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி திடீரெனத் தோன்றின், வாயு என்றெண்ணி ஓமநீர் பருகிக் காத்திராது, உடனே பெரிய மருத்துவமனையை நாடுவோமாக. இரத்தக் கொதிப்பு உள்ளவர் மருந்தை நிறுத்தாதிருப்பாராக. விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுத் தேடித் தந்த வழி நம் தாமதத்தால் வீணாகலாகாது.