ஒரே கம்பெனி குண்டுதான்... ரைஃபிள் வீரர்கள் ஏன் சோதித்துப் பார்த்து வாங்குகிறார்கள்?

2024 பாரீஸ் ஒலிம்பிக், மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்று. ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளிகளுடன் 5-வது இடம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்து 10-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் ஃபைனல். 60 ஷாட்டில் இருவருக்கும் இடைவெளி வெறும் 0.8! குண்டுதான் காரணம்னு சொல்ல வரலை. ஆனால் போட்டி இவ்வளவு நெருக்கம் என்றால் குண்டையும் சோதிக்காமல் விட முடியாது.

ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. இலக்கின் நடுப்புள்ளியோ 0.5 மி.மீ. ஒரே பிராண்டிலும் லாட்டுக்கு லாட் நூலிழை வித்தியாசம் இருக்கும். ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும் லாட், அதே மாடல் வேறு துப்பாக்கிக்குப் பொருந்தாமல் போகலாம்.

சோதனை எப்படி? கை நடுக்கம் கணக்கில் வராதபடி துப்பாக்கியை ஸ்டாண்டில் இறுக்கிப் பூட்டி, ஒரே லாட்டில் 10 குண்டு சுடுவார்கள். நடுவில் விழணும்னு இல்லை, ஒட்டி ஒட்டி விழணும். குறியைப் பிறகு திருத்திக்கலாம். அதிகம் விலகிய இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் மார்க். மூன்றே குண்டு சுட்டுவிட்டு 'சூப்பர் லாட்' என்பது அதிர்ஷ்டத்தை நம்புவது.

அமெரிக்காவில் பலர் பெரிய ரைஃபிள்களுக்கு வீட்டிலேயே மருந்து நிரப்பி, இதே முறையில் சோதிப்பார்கள். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்.

கேளம்பாக்கத்திலோ தாம்பரத்திலோ உங்க பிள்ளை இந்த விளையாட்டுக்கு வந்தால், டப்பாவில் உள்ள லாட் நம்பரைக் குறிச்சு வைங்க. பொருந்தினால் அதே நம்பரில் மொத்தமாக வாங்கலாம்.