சுவரில் போட்ட நீலம்

பெரம்பலூரில் தாத்தா கட்டிய வீட்டுக்கு நீலச் சாம்பல் நிறம் அடிப்பதென்று முடிவாயிற்று. முடிவு என் மனைவியுடையது. கம்பெனி வண்ண அட்டையிலிருந்து எடுத்தது. அடுக்குமாடிகளின் நிறம், இந்த மண்ணோடு ஒட்டாது என்றேன். வங்கியில் வீட்டுக்கடன் தாள்களைப் புரட்டிக்கொண்டே மண்ணைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

பெயிண்டர் சுரண்டினார். ரோஜா நிற டிஸ்டெம்பர், அதன்கீழ் பச்சை, அதற்கும் கீழ் சுண்ணாம்பு. அது வெள்ளையாக இல்லை. சமையலறைப் பக்கம், விறகடுப்புப் புகை ஏறி, அசல் அந்த அட்டையின் நிறம். "பொங்கலுக்குப் பொங்கல் நீலம் போட்டுத்தானடா அடிப்போம்" என்றாள் அம்மா.

எனக்கு உடனே ஒரு கட்டுரை கிடைத்துவிட்டது: நவீனம் என்று விற்கப்படுவது நம் பழைய சுவர்தான். சிறுபத்திரிகைக்காரனின் அற்ப சந்தோஷம். அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை இந்த வட்டாரம் பாத்தியதை கொண்டாடலாம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பக்கம் கடலடியில் கிடந்தது. பிளான்ஃபோர்டு 1862-ல் இப்பாறைகளை உத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று வகுத்தார். சிமெண்ட் ஆலைகள் தின்றுகொண்டிருப்பது அந்தக் கடலைத்தான். காளவாயில் சுடும்போது கல் கரியமிலவாயுவை விடுகிறது. நீற்றிச் சுவரில் பூசியதும் காற்றிலிருந்து அதையே வாங்கி மறுபடி கல்லாகிறது.

நீலம் வேறு. அவுரி என்று நம்ப ஆசைப்பட்டேன். சலவைக்கும் சுவருக்கும் கடையில் வாங்கிய தூள் செயற்கை அல்ட்ராமரின். ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல்லை அரைத்துப் பொன்விலைக்கு விற்ற நிறம் அது. அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 1824-ல் பாரிஸ் சங்கமொன்று 6000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828-ல் அதைப் பெற்றவர் ழான்-பாப்டிஸ்ட் கிமே. வெண்களிமண், சோடா, கந்தகம், கரி, சூளை, அவ்வளவுதான். பிரஷ்ய நீலம் சுண்ணாம்பின் காரத்தில் செத்துப்போகும், இது அசையாது. ஒரு சிட்டிகை போட்டால் பழுப்பு மறைந்து வெள்ளை தூக்கலாகத் தெரியும். கை தாராளமானால் சுவரே நீலம்.

கிமேயின் மகன் எமில், நீல ஆலையின் வாரிசு. 1876-ல் ஜப்பான், சீனா பயணத்தோடு தென்னிந்தியாவுக்கும் வந்து போனார். 1879-ல் லியோனில் அவர் தொடங்கிய மியூசியம் 1889-ல் பாரிஸுக்கு மாறியது. சோழர் கால நடராஜர் வெண்கலம் ஒன்று இன்று அங்கே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் ஜில்லாவில் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிற நான், அந்த மியூசியத்தின் மூலதனத்தைச் சமையலறைச் சுவரில் தொட்டுப் பார்த்தேன்.

புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று வைதவர்களைக் கேலி செய்து நானும் எழுதியிருக்கிறேன். பெயிண்ட் அட்டையைப் பார்த்ததும் அவர்களுடைய வாக்கியத்தையே நான் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது. மனைவியிடம் சொன்னேன். "அப்ப இந்தக் கலரே அடிக்கலாமில்ல?" என்றாள்.

ஒரு சாண் அகலத்துக்குப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் விடச் சொல்லிவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் வந்தபோது அது இல்லை. பெயிண்டர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அம்மா அவரைக் கூப்பிட்டு, அதையும் பட்டி பார்த்து மூடச் சொல்லியிருந்தாள்.