சுவர் தாண்டியவர்கள்: எகிப்தின் பசியும் திருட்டுப் பட்டமும்

எகிப்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது செத்தவர்கள்தான். பிரமிடு, மம்மி, துத்தன்காமனின் தங்க முகமூடி. உயிரோடிருந்த சனங்கள் இந்தக் கதையாடலில் கல் இழுக்கிற கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். பெரிய பிரமிடைக் கட்ட ஒரு லட்சம் பேர் என்று ஹெரோடோட்டஸ் கணக்குச் சொன்னார். ஹாலிவுட் அந்தக் கூட்டத்தின் முதுகில் சாட்டையைச் சொடுக்கியது. 'பாவம், அடிமைகள்' என்பதோடு நம் வரலாற்றுணர்வும் முடிந்துபோகிறது. இந்த இரக்கத்துக்குள்ளும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அந்தச் சனங்கள் வாய் திறந்து பேசியிருக்கக்கூடும் என்பதையே அது மறக்கடித்துவிடுகிறது.

அவர்கள் பேசியிருக்கிறார்கள். லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் தெய்ர் எல் மதீனா என்றொரு கிராமம். மதில் சூழ்ந்த சுமார் எழுபது வீடுகள். மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்தவர்களும் அவற்றில் ஓவியம் தீட்டியவர்களும் பெண்டுபிள்ளைகளோடு வாழ்ந்த இடம். 1922க்கும் 1951க்கும் இடையில் பெர்னார் ப்ருயேர் இங்கே அகழாய்வு நடத்தினார். ஊரையொட்டிய பெரும்பள்ளம் ஒன்றில், குப்பையோடு குப்பையாக, எழுத்துள்ள சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானை ஓடுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அரசனின் வரலாறு கோயில் சுவரில் இருக்க, சனங்களின் வரலாறு குப்பைக்குழியில் கிடந்தது. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டின் வருகைப் பதிவு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வேலைக்கு வராததற்குக் காரணங்கள்: தேள் கடி, கண்நோய், பீர் காய்ச்சியது, உறவினரின் பிணத்துக்குத் துணி சுற்றியது, வீட்டுப் பெண்களின் மாதவிலக்கு. ஒரு பிரமிடு சொல்லாததை இந்தச் சில்லு சொல்லிவிடுகிறது.

கூலி காசாக இல்லை, தானியமாக. ஒரு தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. ரொட்டிக்கு அது, பீருக்கு இது. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தானியம் வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு, கல்லறைப் பகுதியின் காவல் சுவர்களைத் தாண்டி, ஒரு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டாம் ராம்செஸின் கோயிலுக்கே போனார்கள். பசியும் தாகமும் துரத்தியதால் வந்தோம், துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, மன்னனுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்பதாக அவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. போன மாதக் கூலி வந்தது. பிறகு மறுபடியும் இழுபறி, மறுபடியும் சுவர் தாண்டல். இவற்றைச் சொல்லும் பாப்பிரஸ் இன்று இத்தாலியில், டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதியவர் அமென்நக்த் என்ற எழுத்தர் எனக் கருதப்படுகிறது.

பதிவானவற்றுள் உலகின் முதல் வேலைநிறுத்தம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் கவனிக்கத்தக்கது அதற்குள் நடக்கும் ஒரு மாற்றம். முதலில் பசி என்றவர்கள் பின்னொரு கட்டத்தில், நாங்கள் பசிக்காகச் சுவர் தாண்டவில்லை, மன்னனின் இந்த இடத்தில் அநியாயம் நடக்கிறது, அதன்மேல் எங்களுக்குப் புகார் உண்டு என்கிறார்கள். பசித்தவன் அதிகாரத்துக்குச் சௌகரியமானவன். கொஞ்சம் அள்ளிப்போட்டு அனுப்பிவிடலாம். குற்றம் சாட்டுகிறவனை என்ன செய்வது? அதே ஆண்டில் மந்திரி தோ தெற்கே வந்திருந்தான், அரசனின் ஸெத் விழாவுக்குத் தெய்வங்களை அழைத்துப் போவதற்காக. இவர்களை வந்து பார்க்கவில்லை. களஞ்சியத்திலேயே ஒன்றுமில்லாவிட்டாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்று சேதி மட்டும் வந்தது. கிடைத்தது பாதிக் கூலி.

இங்கே நாமும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இவர்கள் எகிப்தின் கடைநிலை மக்களல்லர். கைத்தொழில் தெரிந்தவர்கள், எழுத்தரின் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஊரில் தண்ணீர் கிடையாது. கழுதையில் நீர் கொண்டுவந்தவர்கள், விறகு வெட்டியவர்கள், மீன் பிடித்தவர்கள், துணி வெளுத்தவர்கள் எல்லாம் வெளியாட்கள். இவர்கள் பதிவுகளில் பெரும்பாலும் கொண்டுவந்த சரக்கின் கணக்காகவே தென்படுகிறார்கள். அந்தக் கோதுமையை விளைவித்த விவசாயி அதைவிடத் தூரத்தில் நிற்கிறான். எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தவன் குரல்தான் எழுத்தாயிற்று. அடித்தள மக்கள் வரலாறு எழுத வருகிற எவரும் அந்த அடித்தளத்துக்கும் கீழே யார் என்று கேட்டாக வேண்டும்.

அதே பாப்பிரஸில் இன்னொரு குரல்: என்னை இங்கிருந்து இழுத்துப் போனால் ஒரு கல்லறையைக் கொள்ளையடிக்க வழி பண்ணாமல் தூங்கமாட்டேன் என்று ஒரு தொழிலாளி மன்னன் பேரில் ஆணையிடுகிறான். சுமார் அரைநூற்றாண்டு கழித்து, ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில், கல்லறைக் கொள்ளை விசாரணைகள் நடந்தன. கூலி பாக்கி அப்போதும் தீரவில்லை. தடியால் அடித்து, கைகால்களை முறுக்கி வாங்கிய வாக்குமூலங்கள் பத்திரமாக இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர்களில் தெய்ர் எல் மதீனாக்காரர்களும் உண்டு. புகார் சொன்ன ஊர் திருட்டுப் பட்டத்தோடு ஆவணத்தில் ஏறுகிறது.

மூவாயிரம் ஆண்டாக மாறாத எகிப்து என்று யாரும் இதை வாசித்துவிடக் கூடாது. அந்த மாறாத கீழைத்தேயம் ஐரோப்பியன் கட்டிய பொம்மை. எகிப்தில் மொழி மாறியது, மதம் மாறியது, அரசு பலமுறை மாறியது. ஆனால் பசித்தவனுக்குப் பெயர் வைக்கிற அதிகாரம் மட்டும் பழைய சொல்லையே எடுக்கிறது. 1977 ஜனவரியில் அன்வர் சதாத்தின் அரசு மானியப் பண்டங்களின் விலையை ஏற்றியது. 18, 19 தேதிகளில் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து அஸ்வான்வரை சனம் தெருவுக்கு வந்தது. ராணுவம் இறங்கியது, விலையேற்றமும் வாபஸாயிற்று. சதாத் அதற்கு இட்ட பெயர் 'திருடர்களின் எழுச்சி'.

எகிப்தியப் பேச்சு அரபியில் ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர்; வாழ்வு என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. 2011 ஜனவரியில் தஹ்ரீர் சதுக்கத்து முழக்கத்தில் ஐஷ்தான் முதல் சொல். சுதந்திரமும் சமூகநீதியும் அதைத் தொடர்ந்து வந்தன. அதை வெறும் ரொட்டிக் கோரிக்கையாக வாசிப்பது அதிகாரத்தின் வாசிப்பு. பசிக்காக வரவில்லை, புகாரோடு வந்திருக்கிறோம் என்று சுவர் தாண்டியவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.