சடைமுடியும் தன்மானமும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 2ஆம் நாள், கென்யா நாட்டின் நியேரிப் பகுதியில் ஒரு மூதாட்டியின் தலைமுடி களையப்பட்டது. களைந்தவர் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் துணைவியார் மாமா நிகினா. மூதாட்டியின் பெயர் முத்தோனி வா கிரிமா. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர், 1950களில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் காடு புகுந்த மாவ் மாவ் விடுதலைப் படையில் 'ஃபீல்டு மார்ஷல்' என்னும் உயர்தகுதி பெற்ற ஒரே பெண்மணி. காட்டில் இருந்த நாளில் சடை பிடித்த முடியை, நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவர் களையவில்லை. விடுதலையின் பயனைக் கண்ணாரக் காணும்வரை அதனைக் களைவதில்லை என்பது அவர் கொண்ட உறுதி. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அம்முடி அவர் தலையில் இருந்தது.

ஒரு முதியவரின் முடி களையப்பட்டது ஒரு நாட்டின் செய்தி ஆவானேன்? இவ்வினாவிற்கு விடை காணவேண்டின், ஆப்பிரிக்க மக்களும், அடிமைகளாகக் கடல் கடந்து கொண்டு செல்லப்பட்ட அவர்தம் வழியினரும் தலைமுடியால் பட்ட பாட்டை அறிதல் வேண்டும்.

சடை என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. பின்னி முடித்த கூந்தலையும் சடை என்கிறோம். திரிந்து ஒன்றுபட்ட துறவியர் முடியையும் சடை என்கிறோம். சிவபெருமானைச் சடையன் என அழைப்பது நம் மரபு. ஆதலின் சடை என்றதும் துறவும் தவமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆப்பிரிக்க வழியினர்க்கோ சடை, உலகைத் துறந்தவர் கோலம் மட்டும் அன்று. உலகில் தலைநிமிர்ந்து வாழ விரும்புவோர் கோலமும் ஆகும்.

சடை பிடிக்கும் முறை

இம்மக்களின் முடி பெரும்பாலும் சுருள் சுருளாக வளரும் இயல்புடையது. முடியின் வேர்ப்பை வளைந்திருப்பதால், முளைக்கும் முடியும் வளைந்தே வெளிவருகின்றது. மனிதர் தலையிலிருந்து நாள்தோறும் ஐம்பது முதல் நூறு முடிகள் வரை உதிர்வது இயற்கை. சீவும்போது இவை சீப்போடு வந்துவிடும். சீவாமல் விட்டால், உதிர்ந்த சுருள்முடி அருகிலுள்ள முடியைச் சுற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். இவ்வாறு உதிர்ந்ததும் வளர்வதும் பின்னிப் பிணைந்து கயிறுபோல் இறுகுவதே சடை.

சடை வளர்க்கத் தொடங்குவோர் தலையைச் சிறுசிறு கட்டங்களாக வகிர்ந்துகொள்வர். ஒவ்வொரு கட்டத்து முடியையும் சீப்பின் முனையால் சுருட்டுவர். அல்லது இரு புரியாக முறுக்குவர். சிலர் எதுவும் செய்யாமல் அதன் போக்கிலேயே விட்டுவிடுவர். முதற் சில திங்கள் புரிகள் அடிக்கடி அவிழும். முடி பார்வைக்கு ஒழுங்கற்றுத் தோன்றும். பின்னர்ப் புரியின் நடுவே சிறு முடிச்சுகள் தோன்றிப் பருக்கும். இதனை 'மொட்டு விடும் பருவம்' என்பர். ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னரே சடை முதிர்ந்து கெட்டிப்படும். அடியில் புதிதாக வளரும் முடியை நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை முறுக்கிச் சேர்ப்பது பலர் வழக்கம். மிகுதியாக இழுத்து முறுக்கினால் வேர் தளர்ந்து வழுக்கை விழும்.

சடைமுடி அழுக்கு முடி என்பது பரவலான எண்ணம். ஆனால் தவறான எண்ணம். எண்ணெயும் மெழுகும் மிகுந்த முடி வழுக்கிச் செல்லும். கழுவிய முடியே நன்கு பற்றிக்கொள்ளும். கழுவியபின் ஈரம் முற்றும் உலர வேண்டும். இல்லையேல் பூஞ்சை பிடித்து நாற்றம் எழும். ஆகவே சடை வளர்ப்பது சோம்பர் செயல் அன்று. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும் செயல். மற்றொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பின்னலை ஒரு மாலையில் அவிழ்த்துவிடலாம். முதிர்ந்த சடையை அவ்வாறு அவிழ்த்தல் அரிது. அதனை நீக்கு என்பது பெரும்பாலும் வெட்டு என்பதே ஆகும்.

அடிமை வாழ்வும் தலைமுடியும்

ஆப்பிரிக்கச் சமுதாயங்கள் பலவற்றில் ஒருவரது முடி ஒப்பனை, அவர் குலத்தையும் வயதையும் நிலையையும் காட்டும் அடையாளமாக விளங்கியது. அடிமை வாணிகர் பிடித்த மக்களின் தலையை மழிப்பது உண்டு. அங்ஙனம் மழித்தபோது முடியோடு அவர்தம் அடையாளமும் போயிற்று.

புதிய நிலத்திலும் தலைமுடி ஆட்சியாளர் கண்ணை உறுத்தியது. 1786ஆம் ஆண்டு, அன்று ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூயிசியானாவின் ஆளுநர் எஸ்தபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பினப் பெண்கள், உரிமை பெற்றோர் ஆயினும், தம் கூந்தலைத் துணியால் மூடவேண்டும் என்பது அவ்வாணை. அப்பெண்களோ வண்ணத் துணிகளை அழகுறச் சுற்றி, இழிவுக்கென விதித்ததையே அணியாக்கிக்கொண்டனர். ஆயினும், இயல்பான சுருள்முடி மறைக்கப்பட வேண்டியது அல்லது மாற்றப்பட வேண்டியது என்னும் கருத்து வேரூன்றிவிட்டது. பின்னாளில் சூடேற்றிய சீப்பும் மருந்தும் கொண்டு முடியை நேராக்கும் வழக்கம் பரவியதற்கு இக்கருத்தே பெருங்காரணம்.

ஜமைக்காவில் எழுந்த சடை

1930ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி முடிசூடினார். கறுப்பின மன்னர் ஒருவர் அரியணை ஏறிய செய்தி, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஜமைக்காத் தீவின் ஏழை மக்களிடையே புதிய நம்பிக்கையை ஊட்டியது. அவரை இறைவனாகவே போற்றும் ராஸ்தஃபாரி சமயம் பிறந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான லெனர்டு ஹவல், 1934இல் அரசத் துரோகக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். 1940இல் அவர் பினக்கிள் என்னும் குடியிருப்பை அமைத்தார்.

தொடக்க காலத்து ராஸ்தஃபாரியர் எல்லாரும் சடை வளர்த்தாரல்லர். அவர்களிடையே சடை தோன்றிய வரலாறு பற்றி மூன்று கருத்துகள் உள. விவிலியத்தின் எண்ணாகமம் நூலில், நோன்பு பூண்டோர் தலையில் கத்தி படலாகாது என்னும் விதி உள்ளது. அதுவே மூலம் என்பது ஒன்று. கென்யப் போராளிகளின் படங்களைக் கண்டு வளர்த்தனர் என்பது மற்றொன்று. இந்தியத் தொழிலாளரோடு சென்ற சாதுக்களின் சடையைக் கண்டு வளர்த்தனர் என்பது மூன்றாவது. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவிற்குச் சென்றனர். அவருள் மிகப் பெரும்பாலோர் வடஇந்தியர். ஹவல் தமக்கு வைத்துக்கொண்ட 'கங்குங்குரு மராக்' என்னும் பெயரிலும் இந்தி மொழியின் சாயல் தெரிகின்றது.

பேரி செவான்ஸ் என்னும் ஜமைக்க ஆய்வாளரோ, 1949இல் கிங்ஸ்டன் நகரத்து இளைஞர் குழு ஒன்றே சடையைத் தம் சமய அடையாளமாக்கியது என்பர். கென்யாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 1952 அக்டோபரில்தான். செவான்ஸ் கூறும் ஆண்டு சரியாயின், கென்யப் படங்கள் அவ்வழக்கத்தை வலுப்படுத்தியிருக்கலாமேயன்றித் தொடங்கி வைத்திருத்தல் இயலாது. இந்தியத் தொடர்பு பெயரிலும் சில வழக்கங்களிலும் புலனாகின்றது. சடைக்கு அதுவே தனி மூலம் எனத் துணிதற்குச் சான்று போதாது.

மூலம் எதுவாயினும் பொருள் ஒன்றே. 'ட்ரெட்' என்னும் ஆங்கிலச் சொல் அச்சத்தைக் குறிக்கும். இறைவன்பால் கொண்ட அச்சத்தை ராஸ்தஃபாரியர் அச்சொல்லால் உணர்த்தினர். ஊராரோ அவர்களைக் கண்டு அஞ்சினர். அதனாற்றான் இன்று சடை வளர்ப்போர் பலர் 'ட்ரெட்' என்பதை விடுத்து, 'லாக்ஸ்' என்று மட்டும் வழங்குகின்றனர்.

அவ்வச்சம் கொடுமையாக முடிந்த நாள் ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், மாண்டிகோ பே நகருக்கு அருகில் கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் நிகழ்ந்த மோதலில், காவலர் இருவர் உட்பட எண்மர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து காவல்துறையும் படையும், மோதலோடு தொடர்பில்லாத ராஸ்தஃபாரியரையும் தேடிப் பிடித்து அடித்துச் சிறையிட்டன. அவர்தம் சடையையும் தாடியையும் வலிந்து வெட்டின. ஜமைக்கா விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத காலம் அது. அயலார் ஆட்சி போய்விட்டது. ஆனால் முடியைப் பற்றிய அயலார் கருத்து போகவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 ஏப்ரல் 4ஆம் நாள், தலைமையமைச்சர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நீதிமன்றத்தில் சடை

அமெரிக்காவில் இப்பூசல் நீதிமன்றம் ஏறியது. 1981இல் விமான நிறுவனம் ஒன்றின் பெண் ஊழியர், தம் சிறுபின்னலுக்கு நிறுவனம் விதித்த தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றார். நிறம் பிறவியில் வருவது, மாற்றவியலாதது, பின்னல் மாற்றத்தக்கது, ஆகவே அதனைத் தடுப்பது இனவேற்றுமை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். 2010இல் அலபாமா மாநிலத்தில், சடையை வெட்ட மறுத்த பெண் ஒருவர் கிடைத்த வேலையை இழந்தார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பழைய வழியையே பின்பற்றியது. சுருள்முடி இயல்பு, சடையோ ஒப்பனை என்று அது பிரித்துக் கண்டது.

இப்பிரிவினை முடியின் இயல்பை அறிந்தோர்க்குப் பொருந்தாது. சீவாமல் விட்ட சுருள்முடி தானே சென்றடையும் நிலை சடை. முறுக்குவது மனிதர் கை; பிணைவது முடியின் இயல்பு. அன்றியும், 'மாற்றத்தக்கது' என்று எளிதாகக் கூறப்படும் ஒன்று, பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் வெட்டுவதாய் முடிகின்றது. இவ்வுண்மையைச் சட்டம் காலந்தாழ்த்தே உணர்ந்தது. 2019 ஜூலை 3ஆம் நாள், முடியின் இயல்பும் அதற்குரிய சடை, பின்னல் முதலியனவும் இனப் பண்புகளே எனக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழி நின்றன.

எனினும் இப்போராட்டம் மிகக் கூர்மையாக நிகழ்ந்த இடம் பள்ளி வாயில். கானாவில் சடை வளர்த்த மாணவர் இருவர்க்குப் பள்ளி ஒன்று இடம் மறுத்தது. 2021 மே 31ஆம் நாள் ஆக்ரா உயர்நீதிமன்றம் அவர்களைச் சேர்க்குமாறு ஆணையிட்டது. ஜமைக்காவில் 2018இல், சடையை வெட்டினாலன்றி இடமில்லை என ஐந்து வயதுச் சிறுமியின் பெற்றோரிடம் கூறப்பட்டது. தூய்மைக் கேடும் பேனும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2020இல் நீதிமன்றம் சிறுமியின் உரிமை பறிக்கப்படவில்லை என்றது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்குத் தொடங்கியபோது ஐந்து வயதினளாய் இருந்தவள், அது முடிந்தபோது தொடக்கப்பள்ளியின் இறுதி ஆண்டுகளை எட்டியிருந்தாள். ஒழுங்கு என்று பள்ளி கருதியது வேறு, ஒழுங்கு என்று இல்லம் கற்பித்தது வேறு. இரண்டிற்கும் இடையில் நின்றது ஒரு குழந்தை.

நைரோபி நகரின் நடுவே, கென்யப் போராளித் தலைவர் தேதான் கிமாதியின் சிலை சடைமுடியோடு நிற்கின்றது. ஆங்கில அரசு 1957 பிப்ரவரி 18ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007இல் அதே நாளில் சிலை திறக்கப்பட்டது. அன்று கொலைஞர் கோலம் எனப்பட்ட சடை, இன்று வெண்கலத்தில் நாட்டின் பெருமையாகி நிற்கின்றது.

முத்தோனி அம்மையார் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். கோரல் கார்டன்சில் சடை இழந்தோர்க்கும் அவர்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். அவர்கள் முடியைப் பிறர் வலிந்து வெட்டினர்; அம்மையாரோ, தாம் விரும்பிய நாளில், தாம் இசைந்த கையால் களையச் செய்தார். அந்த இசைவு அவருடையதாய் இருந்ததே அவர் போராடிப் பெற்ற விடுதலையின் ஒரு பகுதி ஆகும்.